படம் கிளியர் என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கடிதம் கிடைத்தது. மாபிள் பதிக்கிற வேலைக்கு வந்து 7 வருசம், வெளிநாட்டுக்குப் போகவென்று நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுத்தீர்கள், கிளியர். "இனிப் பயமில்லைத்தானே?" என்று கேட்கிறீர்கள். அப்பா காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் கல்லுடைத்தவர், எழுபது தாண்டியும் முட்டு, இழுப்பு ஒன்றுமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அப்பாவின் கதையை முதலில் பார்ப்போம். 1950இல் தொடங்கி 1990இல் போரோடு நின்றுபோன அந்த ஆலைக்குப் போனது எங்கள் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல். அதன் தூசும் இருமலைத் தரும். ஆனால் நுரையீரலைத் தழும்பாக்கி இறுக வைப்பது சிலிக்கா. அது சுண்ணாம்புக்கல்லில் கொஞ்சந்தான். குசினி மேடைக்கு நீங்கள் வெட்டுகிற கருங்கல்லில் ஏறக்குறைய 30 வீதம் இருக்கும். செயற்கையாக வார்த்து வரும் பளபளப்புப் பலகைகள் சிலவற்றில் 90 வீதத்தையும் தாண்டும். அதை வெட்டிய இளம் பெடியன்களுக்கே சிலிக்கோசிஸ் என்கிற இந்தத் தழும்பு நோய் வந்ததால்தான் அவுஸ்திரேலியா 2024 யூலை 1 முதல் அந்தப் பலகையைத் தடைசெய்தது. அப்பாவின் நெஞ்சை வைத்து உங்கள் நெஞ்சுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

இனிப் படம். நல்ல நுரையீரல் படத்தில் கறுப்பாக விழும். சிலிக்காத் தழும்பு சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளாக, பெரும்பாலும் மேற்பகுதியில் தெரியும். அப்படித் தெரிய வழக்கமாக 10 வருசத்துக்கு மேல் பிடிக்கும். தூசு கடுமையென்றால் முந்தியும் வரும். அதனால் 7ஆம் வருசக் கிளியரை நான் பெரிதாக நம்பமாட்டேன். அதோடு, வெளிநாட்டுப் பயணத்துக்கு எடுக்கிற படத்தில் முக்கியமாகத் தேடுவது காசநோயை. தூசுத் தழும்பைப் படிக்கப் பழகிய கண் வேண்டும். பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கென்றே சர்வதேச தொழிலாளர் தாபனம் மாதிரிப் படங்கள் வைத்திருக்கிறது; தங்கச் சுரங்கங்களின் ஊரான ஜொகனஸ்பர்க்கில் 1930இல் கூடிய மாநாட்டில் தொடங்கிய முறை அது.

அதற்காகப் படத்தை வீசிவிடாதீர்கள். ஈரம் படாமல் அலுமாரியில் வையுங்கள். அடுத்த படத்தை இதோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் பிடிபடும். அரசாங்க மார்பு நோய் கிளினிக்குக்குப் போனால், வாயைத் திறந்ததும் என்ன கல், எத்தனை வருசம் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டொக்டருக்கு எப்படித் தெரியும்? மூச்சை ஊதிப் பார்க்கிற பரிசோதனையையும் கேளுங்கள். சிலிக்கா படிந்த நெஞ்சில் காசநோய் சுலபமாக ஏறும்; இருமல் 2 கிழமையைத் தாண்டினால் சளியைச் சோதிக்கக் கொடுங்கள், அங்கே காசு கேட்கமாட்டார்கள். கதிருக்குப் பயப்பட வேண்டாம். ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர், சும்மா இருந்தாலே பத்து நாளில் உடம்பில் படுகிற அளவுதான்.

போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெடியன் கிரைண்டரை உலரப் பிடித்து வெட்டினான். மூக்கில் துவாய். இமை மயிரெல்லாம் வெள்ளை, வேலியோரச் செவ்வரத்தை இலையும் வெள்ளை. அந்தத் துவாய் பெரிய தூசைத்தான் மறிக்கும். நெஞ்சுக்குள் இறங்குவதோ கண்ணுக்கே தெரியாத தூசு. பின்னேரம் மேசன் தண்ணீர்க் குழாய் பூட்டிய கட்டரைக் கொண்டுவந்தார். அதே கல், அதே வெட்டு. தூசு கஞ்சிபோல நிலத்தில் வழிந்தது. வாங்கும்போது தண்ணீருக்கென்றே செய்த கட்டராகப் பாருங்கள்; சாதாரணக் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றினால் கரண்ட் அடிக்கும். ட்ரிப் சுவிச் இல்லாத வீட்டில் தண்ணீர்க் கட்டரையும் தொடாதீர்கள். முகத்தோடு இறுகப் பொருந்துகிற என்95 மாஸ்க்கும் போடுங்கள்.

கட்டருக்கு முதலாளி என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்