கொத்தனார் வேலை பழக யாரிடம் விடுவது?

கேள்வி: ஐயா, என் அக்கா மகனுக்குப் பதினெட்டு வயது. கொத்தனார் வேலைதான் பழகுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எங்கள் தெருவில் அடுக்குமாடி கட்டும் மேஸ்திரி, நாளைக்கே அனுப்புங்கள், கூலியும் தருகிறேன் என்கிறார். அக்காவோ சான்றிதழ் கிடைக்கிற இடத்துக்குத்தான் அனுப்புவேன் என்கிறாள். எது நல்லது?

- ஒரு வாசகி, தாம்வே, யாங்கூன்

பதில்: அம்மா, மேஸ்திரியிடமே விடலாம். ஆனால் அவர் கட்டிய சுவர் ஒன்றைப் பூச்சு விழும் முன்னால் போய்ப் பார்த்துவிடுங்கள். இன்று யாங்கூனில் எழும் மாடிகளில் பாரம் தாங்குவது கான்கிரீட் தூணும் உத்தரமும்தான்; செங்கல் இடையை அடைக்கிறது. கோணலை எல்லாம் பூச்சு மூடிவிடுவதால், வேலை தெரியாதவரும் பல வருஷம் மேஸ்திரியாக ஓட்டிவிட முடிகிறது. நிற்கும் மூட்டுகள் வரிக்கு வரி விலகியிருக்க வேண்டும். நேருக்கு நேர் வந்தால் சுவர் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். மூட்டுக்குள் சாந்து நிறைந்திருக்க வேண்டும், வெளிச்சம் தெரியக் கூடாது. இவை சரியில்லை என்றால் எவ்வளவு கூலி சொன்னாலும் வேண்டாம்.

ஆரம்ப மாதங்களில் கல் சுமப்பான், சாந்து குழைப்பான். காரணத்தையும் சொல்லித் தருகிறார்கள் என்றால் அதில் வருந்த ஒன்றுமில்லை. காய்ந்த செங்கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் சரியாக இறுகாது; அதனால்தான் கல்லை நனைக்கிறோம். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல் போதும். மெலிந்த நாலரை அங்குலச் சுவருக்கு 4 பங்கோடு நிறுத்துவது வழக்கம். பிறகு நூல் பிடித்து நேர்ச்சுவர். அதற்கும் பிறகுதான் மூலை. அங்கே தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிசகினால் இரண்டு சுவரும் சேர்ந்து பிசகும் என்பதால், பழைய கைகள் அதை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. "பையனுக்கு மூலை எப்போது கொடுப்பீர்கள்?" என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். மழுப்பினால், அவர் தேடுவது கையாளைத்தான்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் வந்த நிலநடுக்கத்தில் மண்டலே, சகாயிங் பக்கம் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சகாயிங் பிளவு தெற்கே பகோ வரை நீள்கிறது. 1930-இல் பகோவை நொறுக்கிய நடுக்கம் யாங்கூனையும் விடவில்லை. தூணோடு பிணைக்காத அடைப்புச் சுவர் ஆட்டத்தில் அப்படியே பெயர்ந்து ஆள்மேல் விழும். தூணிலிருந்து நீட்டிய கம்பியை மூட்டுச் சாந்தில் புதைத்துக் கட்டும் பழக்கம் பையனுக்கு முதல் வருஷத்திலேயே வந்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவனைச் செக்ரட்டேரியட்டுக்கும் (1889-1905), 1911-இல் முடிந்த உயர்நீதிமன்றத்துக்கும் கூட்டிப்போங்கள். பூச்சு மறைக்காத செங்கல் அங்கே இருக்கிறது. எந்தக் கல் நீளவாக்கில், எது குறுக்கில் என்று ஒரு வரியைப் படம் வரையச் சொல்லுங்கள். பர்மிய மரபின் பத்துக் கைவினைகளில் கட்டுவேலையும் ஒன்று என்பதையும் சொல்லுங்கள்; கூலி வேலைதானே என்று அவன் குறுகிப்போகக் கூடாது.

அக்கா சொல்வதிலும் நியாயம் உண்டு. 2013-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு, திறன் வளர்ச்சிச் சட்டத்தின் கீழ் தொழில் திறனைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு இருக்கிறது. சிங்கப்பூர் போன்ற நாடுகளும் கட்டுமானத் தொழிலாளரின் கைத்திறனைச் சோதிக்கின்றன. நேர்ச்சுவரும் மூலையும் கைவந்த பின் சோதனைக்குப் போனால் அந்தத் தாளுக்கு மதிப்பு இருக்கும். வெறுங்கையோடு வாங்கிய தாளை எந்த மேஸ்திரியும் மதிக்கமாட்டார்.

மே முதல் அக்டோபர் வரை மழை. புதுச் சுவரின் சாந்தைக் கரைத்துவிடும், கற்கவும் அதிகம் கிடைக்காது. தீபாவளி கழிந்து அனுப்புங்கள். கூலியையும் வேலை நேரத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஹெல்மெட், பூட்ஸ், ரப்பர் கையுறை மூன்றையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். வெறுங்காலோடு சாந்தில் நிற்கிற பழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் போகவில்லை.