தாங்கே ஏரியில் பறவை பார்த்தல்

நம் ஊரில் குளம் என்றால் வயலுக்கு நீர் தேக்குவது. வீபோர்க் நகருக்குத் தென்கிழக்கே உள்ள தாங்கே ஏரி மின்சாரத்துக்காகத் தேக்கப்பட்டது. கூதனோ ஆற்றை மறித்துக் கட்டிய மின்நிலையம் 1921இல் இயங்கத் தொடங்கியது. டென்மார்க்கின் மிகப் பெரிய செயற்கை ஏரி இதுவே. ஆற்றில் ஏறிவந்த சால்மன் மீனுக்கு வழி அடைபட்டது. நீர்ப்பறவைகளுக்கு இடம் கிடைத்தது.

நவம்பர் பிற்பகுதியில் சில குடும்பங்களாகச் சென்றோம். இலைகள் உதிர்ந்துவிட்டதால் கரையிலிருந்தே ஏரி நன்றாகத் தெரியும். குளிரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

அன்னம் இங்கே இருவகை. செம்மஞ்சள் அலகும் அதன் அடியில் கறுப்புக் குமிழும் உடையது க்னோப்ஸ்வானெ. 1984 முதல் இந்நாட்டின் தேசியப் பறவை. கழுத்தை நிமிர்த்தி, மஞ்சள் அலகோடு மிதப்பது சாங்ஸ்வானெ. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வருவது. பாலையும் நீரையும் பிரிக்குமா என்று ஒரு பிள்ளை கேட்டது. நீர்ப்பூண்டைத் தின்னும் என்பதே நாம் கண்ட விடை.

எல்லாரையும் நிறுத்தி வைத்தது ஒரு வாத்து. செம்பழுப்புத் தலை, நெற்றியில் வெண்மஞ்சள் கோடு. தமிழில் இதற்கு நாமத்தலை வாத்து என்று பெயர். டெனிஷில் பீபெஆன், அதாவது சீழ்க்கை வாத்து. தமிழர் நெற்றியைப் பார்த்தார்கள், டேனியர் குரலைக் கேட்டார்கள். மன்னார் வங்காலையிலும் இதே இனம் மாரியில் வந்து இறங்கும். 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சரணாலயம் அது. அப்படியானால் இதே பறவைதானா அங்கும் போகிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். இல்லை. இனம் ஒன்று, வழி வேறு. வடக்கே குஞ்சு பொரித்தபின் ஒரு கூட்டம் மேற்கே ஐரோப்பாவுக்கு வருகிறது, இன்னொரு கூட்டம் தெற்கே நம் நாட்டுப் பக்கம் போகிறது. அண்ணன் கனடாவிலும் தம்பி இங்குமாக இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வழிகளை அறிய உதவிய முறை பிறந்ததும் அயலில்தான். வீபோர்க் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்டென்சன் 1899இல் மைனா இனத்தைச் சேர்ந்த 165 ஸ்டேர் பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டினார். கணக்கெழுதுவோருக்கு இது எளிதில் விளங்கும்: இங்கே பதிந்த எண்ணை வேறொரு நாட்டில் யாரோ கண்டு எழுதினால்தான் பதிவு நிறைவேறும். ஒரு காலத்தில் முகாமில் எண்ணோடு காத்திருந்த நமக்கும் விளங்கும்.

மறுமுறை வருவோர் காலை எட்டரைக்கே கரையில் நிற்க வேண்டும்; பிற்பகல் நான்கு மணிக்குள் இருண்டுவிடும். இரண்டு வீட்டுக்கு ஒரு தொலைநோக்கி போதும். தேநீர் கூடுதலாகக் கொண்டு வாருங்கள்.