கறுப்புக் காய்களும் ‘வறுத்த ஈரலும்’

2024 டிசம்பர் 12ஆம் நாள், நம் செந்தோசாத் தீவில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் உலகச் சதுரங்க வெற்றியாளரானார். பதினான்காவதான அவ்விறுதி ஆட்டத்தை அவர் கறுப்புக் காய்களைக் கொண்டே வென்றார். நம்மிலோ, கறுப்பு கிடைத்தவுடன் முகம் வாடுவோர் பலர். அவர்களை அஞ்சவைப்பது பெரும்பாலும் ஒரே தாக்குதல்தான்.

ராஜாவின் முன்னுள்ள சிப்பாய்கள் இருபுறமும் இரண்டு கட்டம் நகர்ந்துள்ளன. வெள்ளைக் குதிரை எஃப்3இலும் மந்திரி சி4இலும் நிற்கின்றன. கறுப்புக் குதிரைகள் சி6, எஃப்6 கட்டங்களுக்கு வந்துவிட்டன. அப்போது வெள்ளைக் குதிரை ஜி5க்குத் தாவும். குதிரையும் மந்திரியும் குறிவைப்பது எஃப்7ஐ. அதற்கு ராஜாவையன்றி வேறு காவல் இல்லை.

உடனே டி5க்குச் சிப்பாயை நகர்த்தி மந்திரியின் வழியை மறித்திடுக. வெள்ளைச் சிப்பாய் அதனை வெட்டும். குதிரையால் திருப்பி வெட்டக் கை துடிக்கும், பொறுத்திடுக! வெட்டினால், வெள்ளைக் குதிரை எஃப்7இல் பாய்ந்து தன்னைப் பலியிடும். ராஜா அதனை வெட்டியதும், ராணி எஃப்3இலிருந்து செக் வைக்கும். டி5 குதிரையைக் காக்க ராஜா ஈ6க்கு வந்து பலகை நடுவே தவிக்கும். தப்புதல் சிறுவர்க்கு அரிது. இத்தாக்குதலுக்கு மேனாட்டார் இட்ட பெயர் ‘வறுத்த ஈரல்’. தேக்காவில் ஈரல் வறுவல் சுவைக்கும், பலகையில் சுவைக்காது.

மாறாக, சி6 குதிரையை ஏ5க்கு நகர்த்தி மந்திரியைத் தாக்குக. அது பி5இல் செக் வைத்தால், சிப்பாயைச் சி6இல் நிறுத்துக. அதனை வெள்ளைச் சிப்பாய் வெட்டினால், பி7 சிப்பாயால் திருப்பி வெட்டுக. ஒரு சிப்பாய் இழப்புதான். ஆயினும் மந்திரி பெரும்பாலும் பின்வாங்க நேரும். அடுத்து எச்6க்கு வரும் சிப்பாய் ஜி5 குதிரையையும் விரட்டும். அவை ஓடும் நேரத்தில் நம் காய்கள் களமிறங்கும்.

பெற்றோர் வெள்ளைக் காய்களை எடுத்துக்கொண்டு, பிள்ளையுடன் இந்த ஏழு நகர்வுகளையும் சில மாலைகள் ஆடிப் பார்க்கலாம்.