உத்தியோகம் தருவதாக வரும் பொய்க் கடிதங்கள்

சங்கத்தின் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள் வைத்து, அவற்றை இருவரிடம் ஒப்படைப்பது கூட்டுறவுத் துறையின் பழைய வழக்கம். ஒருவர் ஏமாந்தாலும் சங்கம் ஏமாறலாகாது என்பதே அதன் கருத்து. கணினியிலும் கைப்பேசியிலும் வரவு செலவு நடைபெறும் இந்நாளில் அவ்வழக்கத்தின் அவசியத்தை விளக்கும் ஒரு நிகழ்ச்சியை அங்கத்தினர்கள் அறிதல் நலம்.

வியத்நாமிலுள்ள ஸ்கை மேவிஸ் என்னும் நிறுவனம் கணினி விளையாட்டு ஒன்றை நடத்தி, அதில் சேர்ந்தோரின் மின்னணு நாணயங்களுக்கென 'ரோனின்' என்ற அமைப்பையும் நிர்வகித்து வந்தது. அதிலிருந்து பணம் எடுக்க அப்போது ஒன்பது சாவிகளுள் ஐந்து சேரவேண்டியிருந்தது. ஆயினும் 2022 மார்ச் 23ஆம் தேதி, 60 கோடி டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. பயனாளர் ஒருவர் தம் பணத்தை எடுக்க இயலாமல் முறையிட்டபோதுதான், ஆறு நாட்களுக்குப் பின், களவு வெளிப்பட்டது.

இது எவ்வாறு நிகழ்ந்தது? அந்நிறுவனத்தின் பொறியாளர் ஒருவருக்கு, இல்லாத கம்பெனி ஒன்றின் பெயரால் வேலைக்கு அழைப்பு வந்ததென்றும், பலமுறை நேர்முகப் பேட்டி நடந்தபின் பெருஞ்சம்பளத்துடன் நியமனக் கடிதம் வந்ததென்றும் பத்திரிகைகள் தெரிவித்தன. கடிதத்தைக் கணினியில் திறந்ததும், அதனுள் ஒளிந்திருந்த வேவு நிரல் உட்புகுந்தது. ஒன்பதில் நான்கு சாவிகள் அந்நிறுவனத்திடமே இருந்தமையால் அவை நான்கும் ஒருசேரப் பறிபோயின.

ஐந்தாவது சாவி கிடைத்த விதமே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 2021 நவம்பரில் வேலை மிகுந்திருந்த காலத்தில், மற்றோர் அமைப்பு தன் சார்பில் ஒப்பமிட ஸ்கை மேவிஸுக்கு அனுமதி அளித்திருந்தது. டிசம்பரில் அத்தேவை தீர்ந்தது. அனுமதியை ரத்து செய்ய எவரும் நினைக்கவில்லை. அவ்வழியே திருடர் உட்புகுந்தனர். வட கொரியாவைச் சார்ந்த லாசரஸ் கூட்டத்தாரே இதைச் செய்தனர் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. துறை அறிவித்தது.

நல்ல உத்தியோகத்தை விரும்புவது மனித இயல்பு. பட்டம் பெற்று வேலை தேடும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உள்ளனர். ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ள வேண்டுகிறேன்:

1. வேலை தருவதற்கு முன்பணமோ, வங்கிக் கடவுச்சொல்லோ, ஓ.டி.பி. எண்ணோ கேட்பவரை நம்பலாகாது.

2. அழைப்பு வந்தால், அதில் கண்ட எண்ணை விடுத்து, அக்கம்பெனியின் முகவரியைத் தனியே தேடி விசாரித்த பின்னரே இணைப்புகளைத் திறக்கவேண்டும். அனுப்பியவர் சொல்லும் செயலியைக் கைப்பேசியில் ஏற்றலாகாது.

3. சங்கத்துக் கணினியில் சொந்தக் கடிதங்களைத் திறப்பது கூடாது.

4. சங்கக் கணக்கிலிருந்து பணம் செல்ல இருவர் ஒப்புதல் வேண்டும். இருவர் கடவுச்சொற்களும் ஒருவரிடம் இருப்பின், இரட்டைப் பூட்டு இருந்தும் பயனில்லை.

5. காரியதரிசி மாறினாலும் தற்காலிகப் பொறுப்பு முடிந்தாலும், அன்றே அவரது அதிகாரத்தை வங்கியில் நீக்கித் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும்.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதமின்றித் தெரிவித்தால், திருடர் எடுக்குமுன் வங்கியில் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

சங்கக் கணக்கில் ஒப்பமிடும் அதிகாரம் இன்று யார் யாரிடம் உள்ளது? இக்கேள்வியை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எழுப்பி விடை பெறுவது ஒவ்வோர் அங்கத்தினரின் உரிமையும் கடமையுமாகும்.