புளியங்கொட்டையில் ஒரு நிலத்தடி நீர்க் கணக்கு

பக்கத்துத் தோட்டத்தில் 800 அடிக்குப் புது போர் போடுகிறார்கள். உங்கள் 500 அடி போரில் தண்ணீர் குறைகிறது. கடன் வாங்கி நீங்களும் ஆழத்தைக் கூட்டுகிறீர்கள். அடுத்த வருஷம் இன்னொருவர். இதில் யார் மேல் தப்பு? தனியாக ஒருவரைக் கைகாட்ட முடியாது. எல்லோரும் எடுப்பது ஒரே நீர். ஆனால் எவ்வளவு மிச்சம் என்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

அதைக் கண்ணுக்குக் காட்ட உதவுவதுதான் சிமுலேஷன் கேம் எனப்படும் பாவனை விளையாட்டு. பல வருஷத்து விளைவை அரை மணி நேரத்தில் இது காட்டிவிடும். இதற்கு செயலி எதுவும் தேவையில்லை. நீங்களே ஆடிப் பாருங்க.

தேவையானவை: 5 பேர், 60 புளியங்கொட்டை, துண்டுச் சீட்டுகள்.

ஆடும் முறை:

1. நடுவில் 50 கொட்டைகளை வையுங்கள். இதுதான் ஊரின் நிலத்தடி நீர். மீதி 10 கைவசம் இருக்கட்டும்.

2. ஒவ்வொரு சுற்றும் ஒரு வருஷம். கம்பா, நெல்லா என்று ஒவ்வொருவரும் பிறருக்குக் காட்டாமல் சீட்டில் எழுத வேண்டும். கம்புக்கு 1 கொட்டை செலவு, 3 புள்ளி வரவு. நெல்லுக்கு 3 கொட்டை செலவு, 5 புள்ளி வரவு.

3. சீட்டுகளைப் பிரித்து, செலவான கொட்டைகளை எடுத்துவிடுங்கள். பிறகு மழைக் கணக்காக 5 கொட்டை சேருங்கள்.

4. கேட்ட அளவுக்குக் கொட்டை இல்லையென்றால் போர் வற்றிவிட்டது. அந்த வருஷம் யாருக்கும் புள்ளி இல்லை, ஆட்டமும் முடிந்தது. வற்றாவிட்டால் 10 வருஷம் ஆடலாம்.

முதல் ஆட்டத்தில் யாரும் பேசக்கூடாது. இரண்டாவது ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் முன் கலந்து பேசலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஐந்து பேரும் நெல் வைத்தால் வருஷத்துக்கு 10 கொட்டை குறையும். ஐந்தாம் வருஷம் போர் வற்றிவிடும். ஆளுக்கு 20 புள்ளிதான். ஐந்து பேரும் கம்பு வைத்தால் 10 வருஷத்தில் ஆளுக்கு 30 புள்ளி, 50 கொட்டையும் அப்படியே இருக்கும்.

ஒருவர் மட்டும் நெல் வைத்தால்? அவருக்கு 50 புள்ளி, மற்றவர்களுக்கு 30. இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. 'அவர் மட்டும் எடுக்கலாமா?' என்று இன்னும் இரண்டு பேர் நெல்லுக்கு மாறினால், எட்டாம் வருஷம் எல்லோருக்கும் வற்றிவிடும்.

வறட்சியையும் பார்க்க வேண்டுமா? இரண்டு சுற்றுகளுக்கு மழைக் கொட்டையை 5-லிருந்து 2 ஆக்கிப் பாருங்க.

ஆந்திராவில் என்ன நடந்தது?

இதே போன்ற பயிர்த் தேர்வு விளையாட்டை ஆந்திரப் பிரதேச கிராமங்களில் ஆடவைத்தார்கள். ஃபவுண்டேஷன் ஃபார் எகாலஜிகல் செக்யூரிட்டி என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஆய்வாளர்கள் நடத்திய இந்த முயற்சியின் முடிவுகள் 2018-ல் வெளியாயின. விளையாட்டு நடந்த ஊர்களில், நீர்ப் பதிவேடு வைப்பதும் நிலத்தடி நீருக்கு விதிமுறை வகுப்பதும் மற்ற ஊர்களைவிட அதிகமாக இருந்தது. ஆடி முடித்ததும் ஊர் கூடி அதைப் பற்றிப் பேசியது அங்கே முக்கியமான பகுதி. எனவே நீங்களும் ஆட்டம் முடிந்த உடனே எழுந்து போய்விடாதீர்கள். 'நம் ஊரில் இப்போது எத்தனை கொட்டை மிச்சம்? மழை எத்தனை சேர்க்கிறது?' என்று கேளுங்கள்.

அடுத்து என்ன செய்யலாம்?

• ஊர்ப் பொதுக் கிணற்றில் கயிறு விட்டு, நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

• தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் மதிப்பீடு பகுதி வாரியாகச் செய்யப்படுகிறது. உங்கள் பகுதி 'பாதுகாப்பான' வகையா, 'அதிநுகர்வு' வகையா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

• உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 கிராம சபை நடக்கும் நாள்களில் ஒன்று. ஊராட்சி வாக்காளர் யாரும் அதில் பேசலாம். நோட்டையும் கொட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு ஆட்டம் ஆடிக் காட்டிவிட்டு, பதிவேடு தொடங்கத் தீர்மானம் கேளுங்கள்.

புளியங்கொட்டை தீர்ந்துபோனால் மறுபடி 50 வைத்து ஆரம்பிக்கலாம். போர் வற்றினால் அப்படி முடியாது.