"இனி என்னால் ஏலாது" என்று சொல்லுமுன்

இருபது வருடங்களாக வகுப்பறையில் நின்று பழகிய ஆசிரியை ஒருவர், நாற்பத்தாறாவது வயதில் பாடசாலை வாசலைக் கண்டதும் நெஞ்சு படபடக்க நின்றுவிடுகிறார். வங்கியில் காசு எண்ணும் பெண் ஒரே கட்டை மூன்று தரம் எண்ணுகிறார். வைத்தியசாலையில் இரவுக் கடமை முடித்த தாதி, தான் கொடுத்த மருந்து சரியானதுதானா என்று வீடு வந்து படுத்த பின்னரும் யோசித்துக்கொண்டிருக்கிறார். இம்மூவரும் தத்தம் தொழிலில் கெட்டிக்காரர் எனப் பெயர் எடுத்தவர்கள். மூவரும் தமக்குள் சொல்லிக்கொள்வது ஒன்றே: "இனி என்னாலை ஏலாது."

அன்பார்ந்த சகோதரிகளே, இந்த 'ஏலாது' என்ற சொல்லைப் பற்றியே இவ்வாரம் நாம் சிந்திக்கவிருக்கிறோம். அது உங்கள் திறமையைப் பற்றிய உண்மையா? அல்லது உடலில் நடக்கும் ஒரு மாற்றம் உங்கள் வாயால் பேசும் பேச்சா? இதனைப் பிரித்தறியாமல் பதவி உயர்வை வேண்டாமென மறுத்தவர்கள் உண்டு. பல வருடச் சேவையை ஒரே கடிதத்தால் முடித்துக்கொண்டவர்களும் உண்டு. இப்பொருள் தமக்குரியதன்று என்று பக்கத்தைப் புரட்ட நினைக்கும் ஆண்கள் சற்றுப் பொறுத்தருள்க. இறுதியில் அவர்களுக்கும் செய்தி உண்டு.

தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நின்றுவிட்டதென வைத்தியர்கள் கொள்வர். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதிற்கும் 55 வயதிற்கும் இடையில் நிகழ்கிறது. ஆனால் அதற்குச் சில வருடங்கள் முன்னரே சூலகங்கள் ஒழுங்கு தவறி வேலைசெய்யத் தொடங்கிவிடுகின்றன. 'நிண்டுபோச்சு' என்று சொல்ல நம் பெண்களிடம் சொல் இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் இந்த இடைக்காலத்திற்கோ பேச்சுவழக்கில் ஒரு பெயர்தானும் இல்லை. ஆகவேதான் அதனால் வரும் துன்பத்தை வைத்தியரிடம் சொல்லப் போனவரும், தலையிடி என்றோ களைப்பு என்றோ சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறார்.

ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் இக்காலத்தில் படிப்படியாகக் குறைந்துகொண்டு போகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். அப்படியன்று. ஒரு மாதம் முன்பிருந்ததிலும் கூடுதலாகச் சுரக்கும். அடுத்த மாதம் வெகுவாகத் தாழும். சூலகத்திலிருந்து முட்டை வெளிவராத மாதங்களில் புரொஜெஸ்தரோன் என்னும் மற்ற ஓமோனும் போதியளவு சுரப்பதில்லை. இவ்விரண்டும் கருப்பைக்கு மட்டும் உரியவை அல்ல. மனநிலை, நித்திரை, உடல்வெப்பம் ஆகியவற்றை ஆளும் மூளைப் பகுதிகளிலும் இவற்றுக்கு வேலை உண்டு. வெப்பத்தைச் சமன்செய்யும் பகுதி, உடலின் சிறு மாற்றத்தையும் பெருஞ்சூடாகக் கணித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. முகமும் கழுத்தும் சிவந்து, நெஞ்சு அடித்து, "உடம்பெல்லாம் அவியுது" என்று பெண்கள் சொல்வது இதனையே. இரவில் இது வந்தால் நித்திரை குழம்பும். மூன்று இரவு ஒழுங்காக நித்திரை கொள்ளாதவருக்கு நாலாம் நாள் ஒரு சிறு சொல்லும் சுடுசொல்லாகப் படும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நெஞ்சு படபடப்பதும் வியர்ப்பதும் பயத்தின்போது உடல் செய்யும் காரியங்கள். உடல் அவற்றைத் தானாகவே செய்யும்போது, மனம் அதற்கு ஒரு காரணம் தேடுகிறது. கண்முன் நிற்பவர் அதிபர் என்றால் அதிபரே காரணமாகிவிடுகிறார். மேசையில் கிடப்பது கணக்குப் புத்தகம் என்றால் கணக்கே பயமாகிவிடுகிறது. உடலில் தொடங்கிய பதகளிப்பு இப்படித்தான் வேலைமேல் போய்க் குந்துகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய 'ஸ்வான்' என்ற ஆய்வு, 42 முதல் 52 வயது வரையான ஏறக்குறைய 3,300 பெண்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தது. பதகளிப்புப் பற்றி 2013இல் வெளிவந்த அதன் முடிவு நம் கவனத்திற்குரியது. முன்னர் அதிகம் பதகளிக்காத, நிதானமான பெண்களே இந்த இடைக்காலத்தில் முன்னையிலும் கூடுதலான பதகளிப்புக்கு உள்ளாகினர். இயல்பிலேயே பதகளிப்பு மிகுந்தவர்களில் அத்தகைய பெரும் வேறுபாடு காணப்படவில்லை. "நான் ஒருநாளும் இப்பிடி இருந்ததில்லையே" என்று ஒரு பெண் சொல்வதை இனி யாரும் மிகைப்பேச்சு எனத் தள்ளுவதற்கில்லை. தென்னாசியப் பெண்கள் இவ்வாய்வில் ஒரு பிரிவாகச் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லவே வேண்டும். ஆயினும் சூலகம் எங்கும் சூலகமே.

இதே ஆய்வில் நினைவாற்றல் பற்றி 2009இல் வெளிவந்த முடிவு இன்னும் முக்கியமானது. ஒரே விதமான சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் எவருக்கும் புள்ளி கூடும் என்பதை ஆசிரியர்கள் அறிவர். இடைக்காலத்தின் பிற்பகுதியில் இருந்த பெண்களுக்கு அப்படிக் கூடவில்லை. மாதவிடாய் முற்றாக நின்ற பின்னரோ, பழையபடி கூடத் தொடங்கியது. பெயர் மறப்பதும் சொல் வாயில் வராமல் நிற்பதும் உண்மை. ஆனால் பெரும்பாலானோருக்கு அது கடந்துபோகும் தளர்ச்சியே. அந்தத் தளர்ச்சி நாட்களில், ஆற்றல் போய்விட்டதென்று எண்ணி ஆயுளுக்குமான முடிவை எடுப்பதையே நாம் அஞ்சுகிறோம்.

எல்லாவற்றையும் ஓமோன் தலையில் போட்டுவிடுவதும் தவறு. நம் நாட்டில் இந்த வயதுப் பெண்ணின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். அதிகாலை நாலரைக்கு அடுப்படி. மூத்த பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சை, இளையதற்குச் சாதாரண தரம். விறாந்தையில் நோயுற்ற மாமியார். ஆறேமுக்கால் பஸ்ஸில் நின்றுகொண்டு பயணம். தகரக் கூரையின் கீழ் நாற்பது பிள்ளைகள். இரவு ஒன்பது மணிக்கும் வட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் வந்து விழுகிறது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியசாலைகளை விட்டு வெளிநாடு சென்றவர்களின் வேலையையும், எஞ்சிய தாதியர் பலர் சேர்த்துச் சுமந்தனர். ஓமோன் ஒழுங்காக இருந்த காலத்தில் எப்படியோ தாங்கிய சுமை இப்போது தாங்க முடியாததாகிறது. உடலுக்கு வைத்தியம் தேவை. சுமைக்கு வைத்தியம் இல்லை, அதைப் பங்கிடவே வேண்டும்.

முதலில் உடலைப் பார்ப்போம். 35 வயது கடந்த பெண்களுக்காக 1996 முதல் நம் நாட்டில் 'வெல் வுமன் கிளினிக்' நடைபெறுகிறது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேட்டால் நாள் சொல்வார்கள். குருதியமுக்கம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே பரிசோதிப்பர். அத்துடன் ஈமோகுளோபின் அளவையும் தைரொயிட் சுரப்பியையும் பார்க்கும்படி வைத்தியரைக் கேளுங்கள். இக்காலத்தில் பலருக்கு மாதவிடாய் பெருக்கமாகப் போகும். அதனால் குருதிச்சோகை உண்டாகும். ஈமோகுளோபின் 12 கிராமிற்குக் கீழ் இறங்கினால் அது குருதிச்சோகை. படபடப்பு, இளைப்பு, களைப்பு எல்லாம் அதனாலும் வரும். தைரொயிட் கோளாறும் அச்சொட்டாக இதே வேடத்தில் வரக்கூடியது. 'எல்லாம் வயதுக்கோளாறு' என்று இருந்துவிட்டால் எளிதில் தீரும் நோய் தீராமலே கிடக்கும். மாறாக, 45 வயது கடந்த பெண்ணுக்கு இடைக்காலம் தொடங்கிவிட்டதா என்றறிய ஓமோன் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. ஓமோன் நாளுக்கு நாள் மாறுவதால் ஒரு நாள் அளவு எதையும் நிச்சயமாகச் சொல்லாது. தனியார் ஆய்வுகூடத்தில் அதற்குக் காசு கொட்ட வேண்டாம். ஒரு கொப்பியில் இரண்டு மாதம் குறித்து வாருங்கள்: மாதவிடாய் வந்த நாள், நித்திரை, பதகளிப்பு, வெக்கை. அந்தக் கொப்பி வைத்தியருக்கு அதிகம் சொல்லும்.

மாதவிடாய் நின்று ஒரு வருடத்தின் பின் குருதி பட்டாலோ, இடையிடையே பட்டாலோ, தாமதியாது வைத்தியரிடம் செல்க. நெஞ்சுநோவும் மூச்சு முட்டலும் சேர்ந்து வந்தால் அன்றே வைத்தியசாலை. மாதவிடாய் ஒழுங்கீனமானாலும் கருத்தரிக்கும் வாய்ப்பு இன்னும் உண்டு என்பதையும் தம்பதியர் மறவாதிருக்கட்டும்.

ஓமோன் மருந்து பற்றி நம்மிடையே பெரும் பயம் இருக்கிறது. 2002இல் அமெரிக்காவில் ஒரு பெரிய பரிசோதனை இடைநிறுத்தப்பட்டபோது அந்தப் பயம் உலகெங்கும் பரவியது. அதில் பங்குபற்றியோரின் சராசரி வயது 63 என்பது பலருக்குத் தெரியாது. 60 வயதிற்குட்பட்ட, தகுந்த தடை ஏதுமில்லாத பெண்களுக்குத் தொல்லை கடுமையாயின், தீமையிலும் நன்மையே பொதுவாகக் கூடுதல் என்பது இன்றைய வைத்தியக் கருத்து. மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள், குருதி உறைவு வந்தவர்கள் போன்றோருக்கு அது பொருந்தாது. வைத்தியருடன் பேசித் தீர்மானிக்க வேண்டிய காரியம் இது. அயல்வீட்டுக்காரி தந்த நித்திரைக் குளிசையை விழுங்குவது மட்டும் கூடவே கூடாது.

இனி மனம். இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் உளவியலாளர் மைரா ஹன்டரும் சகாக்களும், எண்ணங்களைத் திருத்தி நோயைத் தணிக்கும் முறையொன்றை இப்பருவப் பெண்களுக்கென வகுத்தனர். வேலைக்குப் போகும் பெண்களிடம் அம்முறையை ஒரு சிறு கைநூலாகக் கொடுத்துப் பார்த்த பரிசோதனை 2018இல் வெளிவந்தது. வெக்கையை அவர்கள் தொல்லையாக உணர்ந்த அளவு குறைந்திருந்தது. அதன் சாரம் எளிது. வகுப்பில் வெக்கை கிளம்புகிறது. "பிள்ளைகள் என்னையே பார்க்கினம், பயந்திட்டன் எண்டு நினைப்பினம்" என்று மனம் ஓடுகிறது. அந்த ஓட்டம் படபடப்பை இரட்டிப்பாக்குகிறது. அதற்குப் பதிலாக அமருங்கள். ஒரு பிள்ளையை எழுந்து வாசிக்கச் சொல்லுங்கள். மூச்சை மெல்ல உள்ளெடுத்து அதனிலும் மெல்ல வெளிவிடுங்கள். "இது சில நிமிஷத்திலை போயிடும்" என்று உள்ளே சொல்லிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்திற்குள் அது போய்விடும். பிள்ளைகளோ மணி எப்போது அடிக்கும் என்றே பார்த்துக்கொண்டிருப்பர்.

நைலெக்ஸ் சேலையை அலுமாரியில் வைத்துவிட்டு நூல் சேலை உடுங்கள். பின்னேரத் தேத்தண்ணீரை விடுவது கடினம். ஆயினும் நாலு மணிக்குக் குடித்ததன் பாதி இரவு ஒன்பது மணிக்கும் உடலில் நிற்கும். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணீர் இரும்புச்சத்தையும் சேரவிடாது. எல்லாவற்றின் மேலும் இருள் சூழ்ந்து, வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். 1926 என்ற இலக்கத்திற்கு எந்நேரமும் பேசலாம். அது தேசிய மனநல நிறுவகத்தின் சேவை.

வேலையை விடும் கடிதம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறீர்களா? கிழிக்கச் சொல்லவில்லை. ஆறு மாதம் அலுமாரியில் வையுங்கள். குருதியைப் பார்த்து, நித்திரையைத் திருத்தி, தேவையான வைத்தியம் பெற்ற பின்னும் அதே எண்ணம் இருந்தால் அப்போது அனுப்பலாம். அதுவரை சிறியவற்றைக் கேளுங்கள்: மத்தியானத்திற்குப் பின் ஒரு பாடம் குறைப்பு, மின்விசிறி உள்ள வகுப்பறை, வைத்தியரின் கடிதத்தோடு சில மாதங்களுக்கு இரவுக் கடமைக் குறைப்பு.

அதிபர்களே, மேற்றன்களே, இப்படிக் கேட்டு வருபவர் கள்ளம் அடிக்க வருபவர் அல்லர். நேற்றுவரை உங்கள் நிறுவனத்தைத் தாங்கியவரே இன்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். "ரீச்சருக்கு இப்ப வயசுக் குணம்" என்று ஓய்வறையில் சிரிப்பது அவரை அந்தக் கடிதத்தை நோக்கித் தள்ளும்.

கணவர்மாருக்கு: "நீர் ஏன் இப்ப எல்லாத்துக்கும் பாயிறீர்?" என்று கேட்பதை விட்டு, "ராத்திரி நித்திரை கொண்டீரோ?" என்று கேட்டுப் பாருங்கள். கிளினிக்கிற்குக் கூடப் போங்கள். நாலரை மணி அடுப்படியை வாரத்தில் இரண்டு நாளாவது நீங்கள் பொறுப்பேற்கலாம். உயர்தரம் படிக்கும் மகனுக்கும் தேங்காய் துருவத் தெரிந்திருப்பது நல்லது.