கைடு வாங்கும் முன் பாடநூலைப் பாருங்க



பள்ளி திறந்ததும் நம்ம குழுக்களில் பிள்ளைகள் படிப்புக்காக உள்கடன் கேட்பது வழக்கம். அதில் ஒரு பகுதி கைடுக்குப் போகிறது. அரசுப் பள்ளியில் பாடநூல் இலவசம். கைடு நம்ம காசு. பத்தாம் வகுப்புக்கு 5 பாடம். ஐந்துக்கும் கைடு வேண்டுமா? எந்தப் பாடத்தில் பிள்ளை தடுமாறுது என்று ஆசிரியரிடம் கேட்டு, அதற்கு மட்டும் வாங்குங்கள்.

கவனிக்க வேண்டியவை:

1. பாடநூலைக் கையோடு கொண்டு போங்க. வகுப்பு, தமிழ் வழியா ஆங்கில வழியா, பாடத் தலைப்புகள் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் பாடநூல்கள் மாறின. அதற்கு முந்தைய கைடு பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

2. கணக்கு கைடில் விடை மட்டும் போதாது. கணக்குப் போடும் முறை படிப்படியாக இருக்கணும்.

3. பயிற்சி நூலில் பிள்ளை எழுதிப் பார்க்க இடம் இருக்கணும்.

எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் சோதிக்கலாம். கைடை மூடச் சொல்லி, "இந்தப் பாடத்தை எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். சொன்னால் புரிந்திருக்கிறது. திணறினால் வெறும் மனப்பாடம்தான்.

பாடநூல் மாறாதிருந்தால், சென்ற ஆண்டு கைடுகளைக் குழுவுக்குள்ளேயே கைமாற்றிக் கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்மானம் போடுங்கள்!